இன்வாய்ஸில் 'பவர் மாட்யூல்' என்று இருந்தால் ஹெச்எஸ் கோடு எப்படிக் கண்டுபிடிப்பது?

சப்ளையர் இன்வாய்ஸில் 'பவர் மாட்யூல்' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிடுவார். அதை வைத்து ஹெச்எஸ் கோடு (சுங்கத்துறை பொருட்களை வகைப்படுத்தும் எண்) தேடினால் நாலைந்து விடை வரும், ஒவ்வொன்றுக்கும் சுங்க வரி வேறாக இருக்கும். பல வகைப் பாகங்கள் கலந்த ஒரு பார்சலுக்கு நானே உட்கார்ந்து கோடு போட்டபோது பின்பற்றிய வரிசையை இங்கே எழுதுகிறேன். இன்வாய்ஸ், டிக்ளரேஷன் போன்ற அடிப்படைகள் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: முதல் 6 இலக்கம்தான் உலகப் பொது. அதற்குப் பின்னால் வருபவை அந்தந்த நாட்டின் அட்டவணைப்படி மாறும். இங்கே சொல்வதெல்லாம் ஹெச்எஸ் 2022 பதிப்பின் 6 இலக்கம் வரைதான்.

படி 1: டேட்டாஷீட்டைத் திறங்கள்

விளம்பரப் பக்கம் வேண்டாம், டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் தொழில்நுட்ப விவரத்தாள்) பிடிஎஃப்தான் வேண்டும். அதில் பிளாக் டயகிராம், பேக்கேஜ் படம், ரேட்டிங் அட்டவணை மூன்றையும் பாருங்கள். பொருளின் பெயரை நம்பவே நம்பாதீர்கள். 'பவர்' என்ற சொல் எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும்: பவர் பேங்க் லித்தியம் அயான் பேட்டரியாக 8507.60-இல் போகும், யுபிஎஸ் 8504.40-இல் போகும்.

படி 2: நாலு இலக்கத் தலைப்பு

டிரான்ஸ்ஃபார்மர், இண்டக்டர், ஸ்டாட்டிக் கன்வர்ட்டர் (சுழலும் பாகம் இல்லாமல் மின்சாரத்தை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது) மூன்றும் 8504. ரெக்டிஃபையர், இன்வர்ட்டர், அடாப்டர், எல்இடி டிரைவர் எல்லாம் அந்தக் கன்வர்ட்டருக்குள் அடங்கும். தனி டயோடு, டிரான்சிஸ்டர், தைரிஸ்டர் 8541. ஐசி (ஒருங்கிணைந்த மின்சுற்று) 8542. கெபாசிட்டர் 8532, ரெசிஸ்டர் 8533. ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் என்றால் 1,000 வோல்ட் வரை 8536, அதற்கு மேல் 8535. முக்கால்வாசிப் பொருட்கள் இங்கேயே முடிந்துவிடும்.

படி 3: ஐசியா, கன்வர்ட்டரா?

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். டிசி-டிசி கன்வர்ட்டர் என்ற ஒரே பெயரில் மூன்று விதமான பொருள் வரும். முதலாவது, ஒரே சிலிக்கான் சில்லில் செய்த ரெகுலேட்டர். அது ஐசி, சந்தேகமே இல்லை. இரண்டாவது, சிறிய பச்சைப் போர்டில் ஒரு ஐசி, பக்கத்தில் இண்டக்டர், இரண்டு கெபாசிட்டர் என்று எல்லாம் வெளியே தெரியும்படி சால்டர் செய்திருப்பது. அது 8504.40.

சிக்கல் மூன்றாவதில். ஐசியும் இண்டக்டரும் கெபாசிட்டரும் கருப்பு பிளாஸ்டிக்குக்குள் ஒரே உடலாக மூடப்பட்டு, அடியில் பேடு (சால்டர் செய்யும் உலோகத் தட்டு) மட்டும் தெரியும். பார்க்க ஐசி மாதிரியே இருக்கும். இதற்கு 85-ஆம் அத்தியாயத்தின் 12-ஆம் குறிப்பைப் படித்தே ஆக வேண்டும். 'மல்டி காம்போனென்ட் ஐசி' என்ற வகை 2017 பதிப்பில் சேர்ந்தது. அதன் நிபந்தனைகளைச் சுருக்கினால் இப்படி: உள்ளே குறைந்தது ஒரு ஐசி இருக்க வேண்டும். கூட இருப்பவை குறிப்பில் பட்டியலிட்ட வகையாக இருக்க வேண்டும். 8532, 8533, 8541-இல் வரும் பாகங்களின் வேலையைச் செய்பவையும் 8504-இல் வரும் இண்டக்டரும் அந்தப் பட்டியலில் உண்டு. எல்லாம் பிரிக்க முடியாதபடி ஒரே உடலாக இருக்க வேண்டும். போர்டில் பின், பேடு, பால் (சிறு உலோக உருண்டை) வழியாகப் பொருத்தும் பாகமாகவும் இருக்க வேண்டும். எல்லாம் பொருந்தினால் 8542. வேலை கன்வர்ட்டர் வேலைதானே என்று 8504-க்கு இழுக்க முடியாது. வேலையை வைத்து வேறு தலைப்பு பொருந்தினாலும் 8541, 8542 இரண்டுக்குமே முன்னுரிமை என்று அதே குறிப்பு சொல்கிறது, 8523 மட்டும் விதிவிலக்கு.

பட்டியலில் இல்லாத ஒரு பாகம், உதாரணமாக டிரான்ஸ்ஃபார்மர், உள்ளே இருந்தால் கணக்கு மாறிவிடும். ஐசொலேட்டட் கன்வர்ட்டர் (உள்ளீடும் வெளியீடும் நேரடி இணைப்பின்றி, வழக்கமாக டிரான்ஸ்ஃபார்மரால் பிரிந்திருப்பது) என்று டேட்டாஷீட்டில் பார்த்தால் அங்கேயே நிறுத்தி பிளாக் டயகிராமைத் திரும்பப் பாருங்கள்.

படி 4: டிரான்சிஸ்டரில் 1 வாட் எல்லை

மோஸ்ஃபெட், ஐஜிபிடி போன்ற டிரான்சிஸ்டர்களில் டிசிப்பேஷன் (வெப்பமாக வெளியேற்றக்கூடிய சக்தி) 1 வாட்டுக்குக் குறைவு என்றால் 8541.21, மற்றவை 8541.29. டேட்டாஷீட்டில் இரண்டு எண் இருக்கும், ஒன்று கேஸ் வெப்பநிலை 25 டிகிரியில், இன்னொன்று அறை வெப்பநிலை 25 டிகிரியில். எதை எடுப்பது? உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புப்படி, வெப்பத்தை வெளியேற்ற உலோக டேபோ உலோகக் கேஸோ இருந்தால் கேஸ் எண். வெறும் பிளாஸ்டிக் உடல் என்றால் அறை வெப்பநிலை எண்.

படி 5: உதிரி பாகம்

இன்வர்ட்டருக்காக வாங்கிய கெபாசிட்டரை 8504.90-இல் போடாதீர்கள். 16-ஆம் பிரிவின் 2-ஆம் குறிப்புப்படி, 84, 85 அத்தியாயங்களில் தனித் தலைப்பு உள்ள பொருள் அந்தத் தலைப்புக்கே போகும். தனித் தலைப்பு இல்லாமல், அந்தக் கருவிக்கென்றே செய்ததுதான் 8504.90-க்கு வரும், டிரான்ஸ்ஃபார்மருக்கென வடிவமைத்த ஃபெரைட் கோர் ஒரு உதாரணம்.

படி 6: சரிபார்ப்பு

பொருளின் பெயரைக் கொடுத்தால் கோடு சொல்லும் தானியங்கித் தளங்கள் எனக்குப் பிடிப்பதில்லை, காரணம் சொல்லாது. அமெரிக்கச் சுங்கத்துறையின் 'க்ராஸ்' தளமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தீர்ப்புத் தளமும் இலவசம், எந்தப் பொருளுக்கு எந்தக் கோடு என்று அதிகாரிகள் முன்பு தந்த தீர்ப்புகள் அவற்றில் இருக்கும். அந்தத் தீர்ப்புகள் உங்கள் நாட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனால் ஒரே மாதிரிப் பொருளுக்கு அதிகாரிகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று தெரியும். டிரைவரும் பாதுகாப்புச் சர்க்யூட்டும் சேர்ந்த ஐஜிபிடி மாட்யூலில் 8541, 8542, 8504 மூன்றுக்கும் வாதம் வைக்கலாம். அடிக்கடி இறக்குமதி செய்வதாக இருந்தால் சுங்கத்துறையிடம் முன்தீர்ப்பு (இறக்குமதிக்கு முன்பே கோடு எது என்று பெறும் முடிவு) வாங்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுச் சிலர், பழைய இன்வாய்ஸில் உள்ள 8541.40 ஏன் ஏற்கப்படவில்லை என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கோடு 2022 பதிப்பில் இல்லை. எல்இடி 8541.41, தனி சோலார் செல் 8541.42, பேனலாகக் கோத்தது 8541.43, மற்றவை 8541.49 என்று பிரிந்துவிட்டது. அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1 முதல். சேமித்து வைத்த பட்டியலை அப்போது ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.