முதல் ஃப்ளை கட்டப் போறீங்களா? வூலி பக்கர்ல ஆரம்பிங்க

ட்ரவுட் மீன் பிடிக்க ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளுல இறகும் நூலும் சுத்திச் செய்யற பொய்ப்பூச்சி, கட்டணும்னு ஆசை வந்ததும் நிறைய பேர் நேரா ட்ரை ஃப்ளைக்குப் போயிடறாங்க. தண்ணி மேல மிதக்கற அந்த குட்டிப் பூச்சி பாக்க அழகுதான், ஆனா முள்ளு ரொம்ப சின்னது, இறகு ஒரு பக்கம் கொஞ்சம் கூடிட்டாலே சாஞ்சு மிதக்கும், கட்டறவங்களுக்கு ரெண்டே நாள்ல வெறுத்துடும். என்னைக் கேட்டா முதல் ஃப்ளை வூலி பக்கர்தான். பெரிய முள்ளு, பெரிய பொருள், கொஞ்சம் கோணலா வந்தாலும் மீன் கடிக்கும், முக்கியமா ஃப்ளை கட்டறதுல பின்னாடி தேவைப்படற கைவேலை முக்கால்வாசி இந்த ஒண்ணுலயே வந்துடும்.

இது அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல பிறந்த ஃப்ளை. 1967ல ரஸ்ஸல் பிளெஸ்ஸிங்ங்கறவர், டாப்சன்ஃப்ளைனு ஒரு பூச்சி இருக்கு, தண்ணிக்குள்ள கல்லுக்கடியில இருக்கற அதோட புழு மாதிரி வரணும்னு கட்டினாரு. அதுக்கு முன்னாடியே வூலி வோர்ம்னு ஒரு பழைய ஃப்ளை இருந்துச்சு, அதுக்கு மராபூங்கற பஞ்சு மாதிரி இறகுல ஒரு வால் வச்ச மாதிரிதான் இது இருக்கும். அந்த வால்தான் எல்லாமே. தண்ணிக்குள்ள சும்மா நின்னாக்கூட அது அசைஞ்சுக்கிட்டே இருக்கும், அதனால மீனுக்கு ஒரு நேரம் அட்டை, ஒரு நேரம் குட்டி மீன், ஒரு நேரம் நண்டு வகைன்னு தோணும் போல.

பொருள் என்னென்ன வேணும்னா, முள்ளு 8 இல்லேன்னா 10ம் நம்பர், தண்டு நீளமா இருக்கற ஸ்ட்ரீமர் ஹூக், கடையில 3எக்ஸ் லாங்னு கேளுங்க (முள்ளுல நம்பர் ஏற ஏற சைஸ் சின்னதாகும், மறந்துடாதீங்க). நூல் 6/0 இல்லேன்னா 140 டெனியர் (ரெண்டும் நூலோட பருமனைச் சொல்ற அளவு), கறுப்பு. ஆலிவ் கலர் மராபூ, அதே கலர்ல மீடியம் ஷெனீல், அது பஞ்சு பஞ்சா இருக்கற கயிறு. கறுப்பு இல்லேன்னா சாம்பல் கலர்ல சேவலோட சேடில் ஹேக்கிள், அதாவது முதுகுப் பக்கத்து நீள இறகு. மெல்லிசு செம்புக் கம்பி. வெயிட்டுக்கு 0.020 இன்ச் கம்பி, ஈயம் இல்லாததா வாங்குங்க. அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா மாதிரி இடத்துல ஈயம் கட்டின ஃப்ளையால மீன் பிடிக்கக் கூடாது, அதுவும் இல்லாம நம்ம விரல்ல தொட்டுத் தொட்டு கட்டற பொருள் அது. மராபூங்கறது ஆரம்பத்துல மராபூ நாரையோட இறகு, இப்ப கடையில கிடைக்கறது சாயம் போட்ட வான்கோழி இறகுதான்.

டூல்ஸ்ல வைஸ் (முள்ளை இறுக்கிப் பிடிக்கறது), பாபின் (நூல் கண்டைப் பிடிக்கறது), நுனி கூரான கத்திரிக்கோல், ஹேக்கிள் ப்ளையர் (இறகு நுனியைப் பிடிச்சு சுத்தற சின்ன கிளிப்), விப் ஃபினிஷர் (கடைசி முடிச்சுப் போடறது) போதும். காசை வைஸ்ல போடுங்க, முள்ளு ஆடினா ஒண்ணும் கட்ட முடியாது. கத்திரிக்கோல் ரெண்டு வச்சுக்கோங்க, நல்லதை கம்பி வெட்ட எடுக்கவே எடுக்காதீங்க. நல்ல டேபிள் லைட்டும் வேணும்.

சரி கட்டலாம். முதல்ல முள்ளோட நுனிகிட்ட பின்பக்கமா நீட்டிட்டிருக்கற குட்டி எதிர்முள்ளை சாதாரண ப்ளையரால அமுக்கிடுங்க. மீனை திரும்ப விடறப்போ காயம் கம்மியா இருக்கும், நம்ம விரல்ல குத்தினாலும் உடனே கழட்டிடலாம். இதை கட்டறதுக்கு முன்னாடியே பண்ணணும், ஏன்னா சில நேரம் முள்ளு உடையும், கட்டி முடிச்சப்புறம் உடைஞ்சா மனசு வலிக்கும். அப்புறம் வளைவுல பிடிச்சு வைஸ்ல மாட்டுங்க, தண்டு தரைக்கு சமமா இருக்கணும்.

இப்ப நூல். காதுக்கு (முள்ளுல லைன் கோக்கற ஓட்டை) கொஞ்சம் பின்னாடி நூலை வச்சு, தண்டுக்கு மேல போய் நமக்கு எதிர்ப்பக்கமா இறங்கற மாதிரி சுத்துங்க, நாலஞ்சு சுத்து முன்னாடி போய் அதுமேலயே பின்னாடி வாங்க, நூல் தன்னைத்தானே பிடிச்சுக்கும், மீதி வாலை வெட்டிடுங்க. இங்கதான் நிதானமா பழகணும். நூலை எவ்ளோ இழுத்தா அறும்னு தெரிஞ்சுக்க வேணும்னே ரெண்டு மூணு தடவை அறுத்துப் பாருங்க, அதுக்கு ஒரு துளி கம்மியா எப்பவும் இழுத்தபடியே கட்டணும். மல்லிப்பூ கட்டத் தெரிஞ்சவங்களுக்கு இது சட்டுனு வரும், காம்பு அறாம ஆனா சரம் தளராம இழுக்கற அதே பதம்தான். தொளதொளன்னு கட்டின ஃப்ளை அழகா இருந்தாலும் அஞ்சாறு வீச்சுல பிரிஞ்சிடும்.

தண்டு நடுப்பகுதியில வெயிட் கம்பியை பத்துப் பன்னண்டு சுத்து சுத்தி, அதுமேல நூலை குறுக்கும் நெடுக்குமா ஓட்டி கெட்டிப்படுத்துங்க. காதுக்குப் பின்னாடி ரெண்டு காது நீளத்துக்கு வெறும் தண்டு இருக்கணும். இதை பெரிய எழுத்துல எழுதி வைஸ் பக்கத்துல ஒட்டினாலும் தப்பில்ல. ஆரம்பத்துல எல்லாரோட ஃப்ளையும் முன்னாடி நெருக்கியடிச்சு, கடைசியில முடிச்சுப் போட இடமில்லாம, காதும் அடைச்சு, ஆத்தங்கரையில லைன் கோக்க முடியாம போகும்.

அடுத்து வால், தண்டு முடிஞ்சு வளைவு ஆரம்பிக்கற இடத்துக்கு நூலைக் கொண்டு போய் அங்க கட்டணும். மராபூ இறகை லேசா எச்சியோ தண்ணியோ தொட்டு நனைச்சா ஒண்ணா சேர்ந்து அளக்க வசதியா இருக்கும். முள்ளுத் தண்டு எவ்ளோ நீளமோ வாலும் அவ்ளோதான். நீளமா விட்டா மீன் வால் நுனியை மட்டும் கடிச்சுட்டுப் போயிடும். இடது கை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இறகைப் பிடிச்சு, தண்டு மேல வச்சு, நூலை அந்த விரலுக்குள்ளயே தளர்வா ஒரு வளையம் போட்டு அப்புறம் நேரா கீழ இழுங்க. இதுக்கு பிஞ்ச் ராப்னு பேரு. சும்மா சுத்தினா இறகு உருண்டு அந்தப்பக்கம் போயிடும், இப்படி பண்ணா வச்ச இடத்துல நிக்கும். மிச்ச இறகை வெயிட் கம்பி ஆரம்பிக்கற இடத்துல வெட்டினா உடம்பு மேடு பள்ளம் இல்லாம வரும்.

வால் கட்டின அதே இடத்துல இன்னும் மூணு பொருள் வரணும், வரிசை முக்கியம். முதல்ல செம்புக் கம்பி. அடுத்து ஹேக்கிள், அடியில இருக்கற பஞ்சை உருவிட்டு, நுனியில நாலஞ்சு இழையை மட்டும் விட்டு மத்ததை எதிர்ப்பக்கமா தடவிவிட்டு நுனியால கட்டுங்க, மங்கலான பக்கம் முள்ளைப் பாத்து இருக்கணும், அப்பதான் சுத்தும்போது இழையெல்லாம் வால் பக்கம் சாயும். இழை நீளம் முள்ளு வாயோட அகலத்துல (தண்டுக்கும் முள்ளு நுனிக்கும் நடுவுல இருக்கற இடைவெளி) ஒண்ணரை மடங்கு வந்தா நல்லா இருக்கும். கடைசியா ஷெனீல், நுனியில இருக்கற பஞ்சை நகத்தால உருவினா உள்ள வெறும் நூல் தெரியும், அந்த நூலை மட்டும் கட்டுங்க, முடிச்சு பருமனாகாது.

நூலை முன்னாடி கொண்டு போய் தொங்கவிடுங்க. ஷெனீலை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒட்டி சுத்திக்கிட்டே வந்து, நாம விட்ட அந்த வெறும் இடம் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தி, நூலால நாலு சுத்து கட்டி வெட்டுங்க. அப்புறம் ஹேக்கிளை ப்ளையர்ல பிடிச்சு அஞ்சாறு சுத்துல இடைவெளி விட்டு முன்னாடி கொண்டு வாங்க, ஒவ்வொரு சுத்துக்கும் இழையைப் பின்னாடி தடவிவிட்டுக்கிட்டே வந்தா மாட்டிக்காது. காதுகிட்ட ரெண்டு சுத்து நெருக்கமா போட்டு கட்டிடுங்க.

இப்ப செம்புக் கம்பியை எதிர்த் திசையில சுத்தணும், மத்ததெல்லாம் நம்மகிட்டேர்ந்து அந்தப்பக்கம் போச்சுன்னா இது அந்தப்பக்கத்துலேர்ந்து நம்ம பக்கம் வரும். ஹேக்கிள் தண்டை ஒவ்வொரு இடத்துலயும் குறுக்க தாண்டி அமுக்கும், அதனாலதான் ட்ரவுட்டோட பல்லு பட்டு ஒரு இடத்துல இறகு அறுந்தாலும் முழுசா பிரியாது. இழைகள் கம்பிக்கடியில நசுங்காம இருக்க, கம்பியை லேசா இடம் வலம் ஆட்டி ஆட்டி சுத்துங்க. இந்த வேலை அலுப்பா இருக்குன்னு விட்டுடறவங்க இருக்காங்க, விடாதீங்க. முன்னாடி கட்டினதும் கம்பியை வெட்டாம முறுக்கி முறுக்கி ஒடிச்சிடலாம்.

தலையை நூலால சின்னதா கூம்பு மாதிரி கட்டி விப் ஃபினிஷ் போடுங்க, அஞ்சு சுத்து போதும். அந்த டூல் கைக்கு வர்ற வரைக்கும் விரல்ல ஒரு வளையம் போட்டு காது வழியா மாட்டி இறுக்கற ஹாஃப் ஹிட்ச் நாலு போட்டாலும் நிக்கும். மேல ஒரு துளி ஹெட் சிமெண்ட் (முடிச்சு பிரியாம இருக்க வைக்கற பசை), இல்லேன்னா கலர் இல்லாத நெயில் பாலிஷ். ஊசி நுனியால வைங்க, காது அடைச்சா காயறதுக்குள்ள குத்தி எடுத்துடுங்க.

காஞ்சதும் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணில நூல் கட்டி இறக்கி ஏத்திப் பாருங்க. வால் விரிஞ்சு சுருங்கணும். குச்சி மாதிரி நின்னா மராபூ அதிகம், அடுத்ததுல பாதி இறகு வைங்க. ஒரே கலர்ல, ஒரே சைஸ்ல வரிசையா அரை டஜன் கட்டுங்க, நடுவுல வேற ஃப்ளைக்குத் தாவாதீங்க. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா எது எங்க மாறுதுன்னு கண்ணுக்கே தெரியும்.

பென்சில்வேனியாவுல ட்ரவுட் பிடிக்க, 16 வயசு ஆயிட்டா மீன்பிடி லைசென்ஸோட ட்ரவுட் பர்மிட்டும் எடுக்கணும். நம்ம நீலகிரியிலயும் ட்ரவுட் இருக்கு, ஆங்கிலேயர் காலத்துல கொண்டு வந்து விட்டது, அவலாஞ்சியில 1907லயே குஞ்சுப் பொரிப்பகம் வந்துடுச்சு. ஆனா அங்க காட்டுப் பகுதி, அனுமதி விசாரிக்காம தூண்டில் தூக்கிட்டுப் போகக்கூடாது.

ஆத்துல வீசும்போது ஓட்டத்துக்குக் குறுக்கா கொஞ்சம் கீழ பாத்து வீசி, மூழ்க நேரம் குடுத்து, லைனை கையால நாலு இன்ச், நிறுத்து, நாலு இன்ச், நிறுத்துன்னு இழுங்க. நிறுத்தற நேரத்துலதான் பெரும்பாலும் கடிக்கும், அதனால அப்பவும் லைன் தொய்வில்லாம இருக்கணும். கடிபட்டு ஹேக்கிள் போன ஃப்ளையை தூக்கிப் போடாதீங்க, பழைய பிளேடால வயித்துப் பக்கம் நீளவாக்குல கீறினா எல்லாம் உரிஞ்சு வந்துடும், துரு பிடிக்காத முள்ளா இருந்தா திரும்ப வைஸ்ல மாட்டலாம்.