செயற்கைக்கோள் கதிர்வீச்சு அளவீடுகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு கருவிகளின் எண்களைக் கழித்துப் பார்த்து, மிஞ்சியதைப் புவியில் நேர்ந்த மாற்றம் என்று அறிவித்துவிடும் அவசரம் பலருக்கு இருக்கிறது. அந்த மிச்சத்தில் பெரும்பங்கு கருவிகளுடையதாகவே இருக்கக்கூடும்.

முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். டெர்ரா, அக்குவா என்ற நாசாவின் இரு செயற்கைக்கோள்களிலும் இருப்பவை, புவியிலிருந்து வெளியேறும் கதிர்வீச்சை அளக்கும் ஒரே வகை சீரிஸ் (CERES) கருவிகள்தாம். ஆனால் டெர்ரா நிலநடுக்கோட்டை உள்ளூர் நேரப்படி காலை 10.30 மணிக்கும் அக்குவா பிற்பகல் 1.30 மணிக்கும் கடக்கும்படி அமைக்கப்பட்டவை. இடைப்பட்ட மூன்று மணி நேரத்தில் நிலப்பரப்பின் மேல் மேகம் திரண்டுவிடக்கூடும். அண்மை ஆண்டுகளில் இரண்டின் கடக்கும் நேரமும் நகர்ந்து வருவதை மறந்தால், பாதையின் நகர்வைப் பருவநிலையின் நகர்வாகப் படித்துவிடுவோம்.

அதிகம் சறுக்குவது கோணத்தில். கருவி தன்னை நோக்கி வரும் ஒளியை மட்டுமே அளக்கிறது. எல்லாத் திசையிலும் வெளியேறும் மொத்த ஆற்றல், ஒளி எந்தத் திசையில் எவ்வளவு சிதறும் என்று சொல்லும் கணித மாதிரிகளைக் கொண்டு கணக்கிடப்படுவது. ஒரே கடலை ஒரே நிமிடத்தில் பார்த்தாலும், சூரியன் பளபளக்கும் பக்கம் நோக்கும் கருவிக்கு அது வெளிச்சம். எதிர்ப்பக்கம் நோக்குவதற்கு இருட்டு. பார்வைச் சாய்வை மட்டும் பொருத்திவிட்டு, சூரியனைப் பொறுத்த பக்கவாட்டுக் கோணத்தை விட்டுவிடுபவர்கள் ஏராளம்.

நாள்தோறும் ஏறக்குறைய ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்கும் இத்தகைய சூரிய ஒத்தியக்கப் பாதைகள் சந்திப்பது, அதாவது இரு கருவிகளும் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் பார்ப்பது, பெரும்பாலும் துருவங்களை ஒட்டி. அங்கே பனியின் மேல் கிடைத்த திருத்த எண்ணை வெப்பமண்டலக் கடலுக்கு அப்படியே பூட்டக் கூடாது.

ஒரு கருவியின் அளவை மற்றொன்றோடு பொருத்த எல்லாக் காட்சிக்கும் ஒரே பெருக்கெண் போதும் என்ற நினைப்பு இதைவிட மோசம். விண்வெளியில் ஒளியியல் பாகங்கள் மாசுபட்டபோது, சீரிஸின் உணர்திறன் முதலில் குறைந்தது நீல ஒளியில். உணர்திறனைச் சோதிக்கக் கருவிக்குள் வைத்திருந்த டங்ஸ்டன் விளக்கிலோ நீலம் மிகக் குறைவு. ஆகவே அந்தச் சோதனையில் குறை எளிதில் தெரியவில்லை. மேகமற்ற நீலக் கடலின் அளவு கூடுதலாகக் குறைந்தது, வெண்மேகத்தின் அளவு அவ்வளவாகக் குறையவில்லை.

இரு கருவிகளின் அளவீடுகளை இணை இணையாகச் சேர்த்து, ஆயிரக்கணக்கான இணைகளைச் சராசரி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். தற்செயல் பிழை குறையும். ஒருபக்கச் சாய்வு அசையாது. எடுத்துக்காட்டாக, சூரியனிலிருந்து புவியின் தொலைவுக்கு வந்து சேரும் மொத்தக் கதிர்வீச்சு சதுர மீட்டருக்குச் சுமார் 1,366 வாட் என்று நெடுங்காலம் ஏற்கப்பட்டிருந்தது. பிறகு 1,361 ஆயிற்று. சூரியன் மங்கிவிடவில்லை, பழைய கருவிகளின் உள்ளே சிதறிய ஒளி கணக்கில் சேர்ந்திருந்தது.