மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மனசைக் கேட்காதீர்கள்

புதன்கிழமை, தடுப்பூசி நாள். 45 நாள் ஊசிக்குக் குழந்தையைத் தூக்கி வந்திருக்கிறாள் ஒரு பெண். குழந்தை கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, எடையும் சரி. நர்ஸ் மருந்தை ஏற்றிக்கொண்டே கேட்கிறார்: "நல்லாருக்கியா அம்மிணி?" பக்கத்தில் மாமியார். "நல்லாருக்கறனுங்க." அடுத்த குழந்தை.

கொங்குப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற நாங்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வின் அறிகுறிகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம், கேட்கப் பழக்குவதில்லை. செலவு ரசம் வைத்துக் கொடுக்கும் சொந்த அம்மாவிடமே "குழந்தையைத் தூக்கப் பிடிக்கலை" என்று சொல்லக் கூசுகிறவள், கூட்டத்தில் நம்மிடம் சொல்வாளா? குழந்தையை மாமியார் கையில் கொடுத்து எடை பார்க்க அனுப்புங்கள். பிறகு உட்கார்ந்து, "கொழந்தை தூங்கறப்ப உனக்குத் தூக்கம் வருதா சாமி?" என்று கேளுங்கள். "கண்ணை மூடுனா நெஞ்சு படபடங்குதுங்க" என்று வரும். பயிற்சியில் இதை ஜோடி ஜோடியாக நடித்தே பழக வேண்டும்.

"புள்ளை பெத்தவ அப்படித்தான் அழுவா" என்று விடுவது அடுத்த தவறு. மூன்றாம் நாள் வாக்கில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்குமேல் நீடித்தால் அது வேறு. முதுகுவலி, அசதி என்று வருகிறவளுக்கு இரத்தசோகையைப் பாருங்கள். ஆனால் சத்து மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள், மனசையும் கேளுங்கள்.

இந்த மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987-இல் வந்த கேள்வித்தாள்தான் எடின்பரோ அளவுகோல். அதில் 10 கேள்விகள், கடந்த 7 நாளைப் பற்றியவை. ரேஷன் கார்டு விண்ணப்பம் போல நிரப்புகிறவர்கள் பத்தாவது கேள்வியைத் தாண்டிவிடுகிறார்கள். தன்னை வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது அது. கேட்டால் தூண்டிவிடுவோம் என்ற பயம் வேண்டாம். மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், "இல்லவே இல்லை" தவிர எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். தூக்கமே இல்லாமல் காதில் குரல் கேட்கிறது என்றால் மந்திரிக்க விடாதீர்கள், குழந்தையோடு தனியே விடாதீர்கள். உடனே அரசு மருத்துவமனை.

சீட்டு எழுதி "கோயமுத்தூர் போங்க" என்பதோடு நம் வேலை முடியாது. பனியன் கம்பெனியில் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்க வேண்டும், கைக்குழந்தையோடு பஸ் ஏற வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம், அங்கேயே போட்டுக் கொடுங்கள். மாத்திரை எழுதினால் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லாதீர்கள். பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடியவை உண்டு, டாக்டர் முடிவு செய்யட்டும்.

இதெல்லாம் நர்ஸம்மாவால் ஆகுமா என்பவர்களுக்கு: பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் பெண் சுகாதாரப் பணியாளர்களே வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். 2008-இல் வெளியான அந்த ஆய்வில், அப்படிப் பேசப்பட்ட தாய்மார்களில் பிரசவத்துக்குப் பின் ஆறாம் மாதம் மனச்சோர்வு இருந்தவர்கள் 23 சதவீதம். அந்த உதவி கிடைக்காதவர்களில் 53.

75-ஆம் நாள் ஊசிக்கு அவள் மறுபடி வருவாள். அன்றைக்கும் குழந்தையை எடை பார்க்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.