டிசம்பரில் கால்பந்தும் வீடும்

இங்கிலாந்தில் அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அதனால் டிசம்பரில் பிரீமியர் லீக் ஆட்டங்கள் நமக்கு இன்னும் தாமதமாகத் தொடங்கும். அங்கே பகல் 12.30 என்றால் சென்னையில் மாலை 6. மதியம் 3 என்றால் இரவு 8.30, இரவு 8 என்றால் நடுராத்திரி 1.30. இந்த நேரங்களை சமையலறை காலண்டரில், சபா கச்சேரி தேதிகளுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

குடும்பத்துக்கு ஏற்றது 8.30 ஆட்டம்தான். நாலு மணிக் கச்சேரிக்குப் போனவர்களும் திரும்பியிருப்பார்கள், டிபன் தட்டோடு எல்லோரும் உட்காரலாம். 2022 டிசம்பர் 18 அன்று அர்ஜென்டினா, பிரான்ஸ் மோதிய உலகக் கோப்பை இறுதி ஆட்டமும் இதே நேரம்தான்; எங்கள் வீட்டில் பாட்டிகூட பெனால்டி முடியும்வரை தூங்கவில்லை.

1.30 ஆட்டத்தை விட்டுவிடுங்கள். மார்கழியில் விடிகாலையில் கோலம் போட எழுபவரின் தூக்கம் முக்கியம். அப்புறம், காலையில் ஹைலைட்ஸ் பார்க்கும்வரை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறக்காதீர்கள்.