555 பிளிங்கரின் வேகத்தை மாற்றுவது எப்படி?

555 ஐ.சி.யில் எல்.இ.டி. மினுக்கும் சர்க்யூட்டைப் பிரெட்போர்டில் போட்டு, அது மினுங்கவும் தொடங்கிவிட்டதா? சரி, இனி அதன் வேகத்தை மாற்றிப் பார்ப்போம்.

நம் சர்க்யூட் இதுதான்: 9 வோல்ட் பேட்டரி. 4, 8ஆம் பின்கள் பிளஸ்ஸில், 1 மைனஸில். பிளஸ்ஸிலிருந்து 7ஆம் பின்னுக்கு 1 கிலோ ஓம் (ஆர்1). 7க்கும் 6க்கும் நடுவே 47 கிலோ ஓம் (ஆர்2). 6, 2 இரண்டையும் சேர்த்து, அங்கிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். 3இலிருந்து 470 ஓம் வழியாக எல்.இ.டி., அதன் மறுகால் மைனஸில்.

கெப்பாசிட்டர் இரண்டு ரெசிஸ்டர்கள் வழியாகவும் சார்ஜ் ஆகும். பேட்டரி வோல்டேஜில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் எல்.இ.டி. அணைந்து, கெப்பாசிட்டர் ஆர்2 வழியாக மட்டும் வடியும். மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி முதலிலிருந்து. எல்லைகள் இரண்டுமே பேட்டரியின் பங்குகள்தான் என்பதால், பேட்டரி கொஞ்சம் இறங்கினாலும் வேகம் அவ்வளவாக மாறாது. வோல்டேஜைக் கூட்டி வேகத்தைக் கூட்டலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஒரு சுற்றுக்கான நேரம் = 0.693 × (ஆர்1 + 2 × ஆர்2) × கெப்பாசிட்டர்

கிலோ ஓமிலும் மைக்ரோ ஃபாரடிலும் போட்டால் விடை மில்லி விநாடியில் வரும். பூஜ்ஜியங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். நமக்கு 0.693 × 95 × 10, அதாவது சுமார் 658 மில்லி விநாடி.

படி 1: பேட்டரியைக் கழற்றிவிட்டு, கெப்பாசிட்டரை 100 மைக்ரோ ஃபாரடாக மாற்றுங்கள். கோடு போட்ட பக்கம் மைனஸ். இப்போது ஒரு சுற்று 6.6 விநாடி. முதல் தடவை மட்டும் எல்.இ.டி. ஒன்றரை மடங்கு நேரம் எரியும். கெப்பாசிட்டர் பூஜ்ஜியத்திலிருந்து ஏற வேண்டியிருக்கிறதே! ஸ்டாப்வாட்ச் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் பயப்படாதீர்கள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் 20 சதவீதம் கூடுதல் குறைவு சகஜம்.

படி 2: பழைய 10 மைக்ரோ ஃபாரடையே திரும்பப் போடுங்கள். 47 கிலோவை எடுத்துவிட்டு, 10 கிலோ ரெசிஸ்டரையும் 100 கிலோ பாட்டையும் (பொட்டென்ஷியோமீட்டர், அதாவது திருகி மதிப்பை மாற்றக்கூடிய ரெசிஸ்டர்) தொடராக வையுங்கள். பாட்டின் நடுக்காலும் ஓரக்கால் ஒன்றும் போதும். திருகினால் 0.15 முதல் 1.5 விநாடி வரை விருப்பம்போல் மாற்றலாம்.

ஆர்1 இடத்தில் பாட்டைத் தனியாக மட்டும் வைக்காதீர்கள். முழுக்கத் திருகினால் 7ஆம் பின் நேரே பிளஸ்ஸுக்குப் போய்விடும். கெப்பாசிட்டரை வடிக்கும்போது ஐ.சி.க்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அதே பின்னை மைனஸோடு இணைக்கும், ஐ.சி. காலி. குறைந்தது 1 கிலோ எப்போதும் இருக்கட்டும்.

படி 3: இந்த அமைப்பில் எரியும் நேரம் அணையும் நேரத்தைவிடக் குறையவே குறையாது. 'பளிச்'சென்று ஒரு கணம் மட்டும் எரிய வேண்டுமென்றால், 47 கிலோவை மறுபடி போட்டு, அதற்கு இணையாக 1என்4148 டையோடை (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுவது) வையுங்கள். கோடு உள்ள முனை 6ஆம் பின் பக்கம். அப்புறம் ஆர்1ஐ 10 கிலோவாக்குங்கள். சார்ஜ் ஆர்1, டையோடு வழியாகவே ஏறுவதால், எரியும் நேரம் பத்தில் ஒரு விநாடிக்கும் கீழே வந்துவிடும். அணையும் நேரம் 0.33 விநாடி. டையோடில் கொஞ்சம் வோல்டேஜ் குறைவதால், 0.693 × 10 × 10 என்று போட்டால் வருவதைவிட எரியும் நேரம் சற்று நீளும்.