மரப்பலகையில் ஸ்டெயின் திட்டுத் திட்டாகப் படியாமல் பூசுவது

மரத்துக்கு நிறமேற்றப் பூசும் ஸ்டெயின் திட்டுத் திட்டாகப் படிந்துவிட்டால் பலரும் டப்பாவைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் பலகையில்தான் இருக்கும். பைன், பிர்ச், மேப்பிள், செர்ரி போன்ற மரங்களில் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால், ஒரு பகுதி நிறத்தை ஆழமாக உறிஞ்ச, பக்கத்திலேயே இன்னொரு பகுதி வெளிறி நிற்கும். ஆகவே பூசும் நேரத்தைவிட, மரத்தை அதற்குத் தயார் செய்யவே அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

முதலில் 100 அல்லது 120 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, 150, 180 என்று படிப்படியாக, எப்போதும் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே விழுந்த ஒரு கீறல் வெறும் மரத்தில் கண்ணுக்கே தெரியாது; ஸ்டெயின் பட்டதும் கறுத்த கோடாக எழுந்து நிற்கும். பலகையின் வெட்டுமுனை, அதாவது ரேகைக்குக் குறுக்கே அறுபட்ட முனை, மற்ற இடங்களைவிட மிக அதிகமாக உறிஞ்சும் என்பதால், அதை மட்டும் இன்னும் நைசான 220 நம்பர் தாள் வரை தேய்ப்பது நல்லது. தேய்த்து முடித்தபின் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். மூட்டுகளின் ஓரத்தில் வழிந்து காய்ந்த பசை, ஈரம் ஏறாமல் வெளிறிய புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். அங்கே ஸ்டெயின் ஒட்டாது என்பதால் அப்போதே சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

திட்டு விழக்கூடிய மரமானால், ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்குச் சுமார் 60 கிராம் என்ற அளவில் மெழுகு நீக்கிய அரக்கைக் கரைத்து ஒரு கை பூசி, காய்ந்ததும் 320 நம்பர் தாளால் லேசாகத் தடவி விடலாம். உறிஞ்சும் துளைகளை இது ஓரளவு அடைத்துவிடுவதால் நிறம் சற்று வெளிறினாலும் சீராக இருக்கும். உள்ளே இறங்காமல் மேற்பரப்பிலேயே பெரும்பாலும் தங்கும், கூழ்போல் கெட்டியான ஜெல் ஸ்டெயினும் இத்தகைய மரத்துக்கு ஏற்றது. இவற்றில் எதைத் தேர்ந்தாலும், அதே பலகையின் துண்டு ஒன்றை அதே தாளால் தேய்த்து, ஸ்டெயினோடு நிறுத்தாமல் மேலே வார்னிஷும் பூசிப் பார்க்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

நிறமி அடியில் தங்கும் ஆதலால் டப்பாவை அடிவரை கலக்கிவிட்டு, தாராளமாகப் பூசி, சில நிமிடங்களில், அது உலருமுன், ரேகையோடு நீளமாகத் துடைத்து எடுக்க வேண்டும். கஞ்சத்தனமாகப் பூசுவதுதான் இங்கே தவறு. மேசையானால் முழுப் பரப்பையும் ஒரே மூச்சில் முடிக்காமல், ஒரு பலகையை முனை முதல் முனை வரை முடித்தபின் அடுத்ததற்குப் போகலாம். நடுவில் நிறுத்தினால் ஈரமும் உலர்வும் சந்திக்கும் இடத்தில் இரட்டை நிறம் விழும். எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்; எனவே திறந்த வெளியில் விரித்து உலர்த்துங்கள்.

துடைக்கத் தாமதமாகிப் பிசுபிசுப்பு ஏறிவிட்டால், அதே ஸ்டெயினை மேலே தடவினால் பழையது இளகும், உடனே துடைத்துவிடலாம். ஆழத்தில் இறங்கிவிட்ட திட்டை மட்டும் இழைத்து எடுத்துவிட்டு, மறுபடி உப்புத்தாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.