புது வீட்டில் பூஞ்சை பிடிக்க வைக்கும் தவறுகள்

தை முகூர்த்தத்தில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. அதனால் ஐப்பசி மழையில் பூச்சு வேலை, மார்கழிப் பனியில் பெயிண்ட். இப்படி முடித்த வீடுகளில்தான் சில மாதங்களில் பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் கிளம்பும். "கூரை ஒழுகவே இல்லையே" என்பார்கள். ஒழுகத் தேவையில்லை. செங்கல்லை ஊறவைத்த தண்ணீர், கலவைத் தண்ணீர், பூச்சு இறுகக் குறைந்தது 7 நாள் அடித்த தண்ணீர் எல்லாம் சுவருக்குள்தான் இருக்கின்றன. காயுமுன் பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கத் தேய்க்கும் மாவு) வைத்து பெயிண்டும் அடித்தால், ஈரம் வெளியேற வழியில்லை.

பூச்சு முடிந்து 28 நாளாவது விடச் சொல்வார்கள். மழைக்காலத்தில் அதுவும் போதாது. ஒன்றரை அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், பெயிண்டரை இன்னும் கூப்பிட வேண்டாம்.

அடுத்தது பாத்ரூம். பைப் போடத் தாழ்த்திய தளத்துக்குள் உடைந்த செங்கல்லையும் கட்டட வேலைக் குப்பையையும் கொட்டி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடுவது வழக்கம். மூட்டுகளில் கசியும் நீரை அந்தச் செங்கல் துண்டுகள் குடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் பக்கத்துப் படுக்கையறைச் சுவரின் அடியில் ஓதம் ஏறும். தளத்தை நிரப்புமுன், நீர்க்காப்புப் பூச்சு முடிந்ததும், பைப் வாய்களை அடைத்து 2 நாள் தண்ணீர் தேக்கி, கீழ்த்தளத்திலிருந்து அண்ணாந்து பாருங்கள். "அதெல்லாம் கசியாதுங்க" என்று மேஸ்திரி சொன்னாலும் விடாதீர்கள்.

சன்ஷேடின் அடிவிளிம்பில் நீர் சொட்டும் பள்ளம் விடாதது, அடிமட்டத்தில் ஈரத்தடுப்பு அடுக்கு போடாதது, தோட்ட மண்ணை அந்த மட்டத்துக்கு மேலே குவிப்பது ஆகியவையும் சுவருக்குத் தண்ணீர் காட்டும் வழிகள்தான்.

பூஞ்சை வந்தபின் அதன்மேல் பூஞ்சைத்தடுப்பு பெயிண்ட் அடிப்பது என்னைக் கேட்டால் வீண் செலவு. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, சுவரைக் காயவிட்ட பிறகுதான் பெயிண்ட்.

சரி, முகூர்த்தத்தை மாற்ற முடியாதா? இப்போதைக்குச் சுண்ணாம்பு அடித்துக் குடியேறுங்கள். அதன் வழியே சுவர் காயும். சித்திரை வெயில் பட்ட பிறகு சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுப் பட்டி வைக்கலாம். சுரண்டும் கூலி மட்டும் கூடுதல்.